பிறக்கிராசியும் பிரக்குரோரும்

மொழிபெயர்ப்பின் இடர்ப்பாடுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கவிதையையே எடுத்துக்காட்டாகக் கொள்வர். மொழி மாறும்போது கவிதையின் ஓசையும் உணர்வும் குன்றிவிடுகின்றன என்பது உண்மையே. எனினும் மோசமாக மொழிபெயர்க்கப்பட்ட ஒரு கவிதையினால் எவருடைய காணியும் பறிபோவதில்லை. எவரும் மறியலுக்குச் செல்வதில்லை. வாசித்தவர் சற்று ஏமாற்றத்துடன் நூலை மூடிவைப்பதோடு காரியம் முடிந்துவிடும். சட்டப் பத்திரத்தின் நிலை அத்தகையதன்று. அதனை வாசிப்பவர் ஒருவர். அதன் விளைவை அனுபவிப்பவர் இன்னொருவர். அனுபவிப்பவர் பல வேளைகளில் அப்பத்திரம் எழுதப்பட்ட மொழியையே அறியாதவராக இருப்பார். அவ்வாறிருந்தும் கவிதை மொழிபெயர்ப்புக்கு எமது கலைப்பீடங்களிற் கிடைக்கும் கவனம் சட்ட மொழிபெயர்ப்புக்குக் கிடைப்பதில்லை.

ஆங்கிலச் சட்ட மொழியிலே நிறைந்துள்ள இலத்தீன் சொற்களும், இலத்தீன் வழிவந்த சொற்களும் ருஷ்ய மொழிக்குச் செல்லும்போது என்ன நேர்கின்றது என்பதை, மாணவ நிலையில் நின்று நான் கண்ட அளவில் இங்கு எழுத முனைகின்றேன்.

ருஷ்ய மொழியை ஒரு பாடமாகத் தெரிந்தெடுத்தபோது சட்டம் என் மனத்தில் இருக்கவில்லை. எங்கள் வீட்டுப் பழைய நூல்களுள் மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் வெளியிட்ட கதைப் புத்தகங்கள் சில இருந்தன. அக்கதைகளை என்றாவது ஒருநாள் மூலத்திலே வாசிக்கவேண்டும் என்ற ஆசையே என்னை அம்மொழிக்கு இட்டுச்சென்றது. ஆனால் கற்ற மொழி எப்போதும் கற்றவரின் விருப்பப்படி பயன்படுவதில்லை. சென்ற இரண்டு விடுமுறைக் காலங்களிலும் கொழும்பிலே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு உதவியாக இருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவர் எழுபதுகளிலே சோவியத் நாட்டிற் கல்வி கற்றுத் திரும்பியவர். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அற்றோணித் தத்துவம், சத்தியக்கடதாசி, மரணசாசனம் என்று ஆங்கிலத்தில் அமைந்த பத்திரங்கள் அவருடைய மேசைக்கு வரும். மருத்துவம் படிக்க ருஷ்யாவுக்குச் சென்ற பிள்ளைகளின் பெற்றோரும், அங்கே மணம் முடித்துத் தங்கிவிட்டோரின் உறவினரும் அவற்றைக் கொண்டுவருவார்கள்.

இந்த வேலையைப் பற்றிக் கேள்வியுற்ற நண்பர்கள் ஒரே கருத்தையே கூறினர். “சட்டம் என்றால் இலகுதானே; ஆங்கிலத்திலும் இலத்தீன், ருஷ்ய மொழியிலும் இலத்தீன். எழுத்தை மாற்றினாற் போதும்” என்பது அவர்களது முடிபு. அதிலே பாதி உண்மை உண்டு. ருஷ்யச் சட்ட நூலொன்றைத் திறந்தால் அலிபி, நத்தாரியுஸ், கோதெக்ஸ், பிரெசூம்ப்த்சியா எனப் பழகிய முகங்கள் பல எதிர்ப்படும். மற்றப் பாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

இலத்தீன் இவ்விரு மொழிகளையும் வெவ்வேறு பாதைகளால் வந்தடைந்தது. இங்கிலாந்தில் அது நீதிமன்றத்தின் அன்றாடக் கருவியாக இருந்தது. இடையிலே ஒரு சிறு காலம் நீங்கலாக, 1733 ஆம் ஆண்டுவரை ஆங்கில நீதிமன்றப் பதிவேடுகள் இலத்தீனிலேயே எழுதப்பட்டன. எழுத்தாணைகள் அவற்றின் இலத்தீன் வாசகத்திலுள்ள முக்கிய சொற்களாலேயே பெயர் பெற்றன. பதிவேட்டின் மொழி மாறியபின்னரும் அப்பெயர்கள் மாறவில்லை. ஆகவே ஆங்கிலச் சட்டத்தரணியின் வாயில் வரும் இலத்தீன் சொல், முதியவர் ஒருவரின் கைத்தடியைப் போன்று நெடுங்காலப் பாவனையில் தேய்ந்து, அந்தக் கைக்கென்றே அமைந்துவிட்ட பொருளாகும்.

ருஷ்யாவின் வரலாறு வேறு. 988 ஆம் ஆண்டில் அந்நாடு கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து கிறிஸ்தவத்தை ஏற்றது. எனவே அதன் முதல் ஆசான் கிரேக்கமே. இலத்தீன் பிந்தி, போலந்தின் வழியாகவும் ஜேர்மனியின் வழியாகவும் வந்தது. மகா பீற்றர் அதனை அரச உத்தியோகங்களின் பெயர்களாக இறக்குமதி செய்தார். 1711 இல் செனற் சபையும், 1722 இல் பிரக்குரோர் என்னும் பதவியும் இவ்வாறே தோன்றின. மொஸ்கோப் பல்கலைக்கழகம் 1755 இல் நிறுவப்பட்டபோது சட்ட விரிவுரைகள் அயல்மொழிகளிலேயே நடைபெற்றன. செமியோன் தெஸ்னீத்ஸ்கி என்பவர் கிளாஸ்கோவிலே ஆறாண்டு கற்று, அடம் சிமித்தின் விரிவுரைகளையும் கேட்டு, 1767 இல் நாடு திரும்பினார். சட்டத்தை ருஷ்ய மொழியிலேயே கற்பிக்கலாம் என்று வாதாடிக் கற்பித்தும் காட்டினார். பேரரசி இரண்டாம் கத்தரீனின் விருப்பப்படி, ஆங்கிலச் சட்டம் பற்றிய பிளாக்ஸ்ரனின் பெருநூலின் முதற் பாகத்தை மொழிபெயர்த்தவரும் அவரே. அது 1780 முதல் 1782 வரை மூன்று புத்தகங்களாக வெளிவந்தது. இன்று ஆங்கிலச் சட்டத்தை ருஷ்ய மொழியில் தருவோர் யாவரும் அவர் வெட்டிய வாய்க்காலிலேயே நீர் பாய்ச்சுகின்றனர் எனலாம். கலைப் பாடங்கள் தாய்மொழியிற் கற்பிக்கப்படத் தொடங்கிய காலத்தில் எமது பேராசிரியர்கள் கலைச்சொல்லுக்காகப் பட்ட பாட்டைக் கேட்டறிந்த எமக்குத் தெஸ்னீத்ஸ்கி அந்நியராகத் தோன்றமாட்டார்.

ஒரே இலத்தீன் சொல் இரு வேறு வழிகளால் வந்து இரு வேறு உத்தியோகம் பார்ப்பதற்கு, என் கைப்பட்ட ஒரு மரணசாசனமே தக்க சான்று. 1960களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது அது. எழுதுவித்தவரின் மகன் கல்வியின் பொருட்டுச் சோவியத் நாட்டுக்குச் சென்று அங்கேயே குடும்பமானவர். மகனும் மறைந்துவிட, அவருடைய பிள்ளைகள் தமக்கு இங்கு என்ன உரித்து உண்டு என்பதை அறிய விரும்பினர். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எங்களிடம் அப்பத்திரம் வருமுன்னரே வேறெங்கோ அதனை மலிவாக மொழிபெயர்ப்பித்திருந்தனர். அம்மொழிபெயர்ப்பை வாசித்த பிள்ளைகள் அச்சம் கொண்டனராம். காரணம் விளங்க நெடுநேரம் செல்லவில்லை. தமது ‘புறொக்ரர்’ இன்னாரின் ஆலோசனைப்படி காரியங்கள் நடைபெறவேண்டும் என்று பாட்டனார் எழுதுவித்திருந்தார். அந்த இடத்திலே முதல் மொழிபெயர்ப்பு ‘பிரக்குரோர்’ என்று கூறியது.

புறொக்ரர் என்பது எங்கள் ஊரிலே பிறக்கிராசியார் எனப்பட்டவர். பிறக்கிராசி, புறொக்ரர், பிரக்குரோர் ஆகிய மூன்றும் இன்னொருவருக்காகக் காரியம் பார்ப்பவர் என்ற பொருளுடைய ‘புறொக்குராத்தோர்’ என்னும் ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஆனால் பிறக்கிராசியார் குடும்பத்தின் சார்பிலே பேசுபவர், உறுதி முடிப்பவர், கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் முன்வரிசையில் இருப்பவர். பிரக்குரோரோ அரசின் சார்பிலே குற்றஞ்சாட்டுபவர். பீற்றர் காலத்தில் அவரை ‘மன்னரின் கண்’ என்றே அழைத்தனர். ஒரே வேரிலிருந்து பிறந்த இருவர் நீதிமன்றிலே எதிரெதிர் ஆசனங்களில் அமர்ந்திருக்கின்றனர். பாட்டனாரின் மரணசாசனத்தில் அரச வழக்குத்தொடுநருக்கு என்ன வேலை, அவர் ஏதேனும் குற்ற வழக்கிற் சிக்கியிருந்தாரா என்று மொஸ்கோவிலுள்ள பேரப்பிள்ளைகள் கலங்கியதில் வியப்பில்லை.

அத்துடன் நிற்கவில்லை. மரணசாசனத்தை நிறைவேற்றுபவரை ஆங்கிலம் எக்செக்கியூற்றர் என்னும். அதே ஒலியைப் பின்பற்றி ‘எக்செகூத்தர்’ என்று முதல் மொழிபெயர்ப்பில் எழுதப்பட்டிருந்தது. ருஷ்ய மொழியில் எக்செகூத்சியா என்றால் உடல்வருத்தித் தண்டித்தல். எக்செகூத்தர் அதனைச் செய்பவர். சார் மன்னர் கால அலுவலகங்களிலே பராமரிப்பு வேலைகளைக் கவனித்த ஓர் உத்தியோகத்தருக்கும் அப்பெயர் இருந்தது. பாட்டனாரின் சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்கவேண்டியவர் இவ்வாறாகக் கசையேந்தி நின்றார்.

எனக்கு வழிகாட்டிய பெரியவர் இவ்விரு சொற்களையும் அடித்துவிட்டு, முன்னதற்குப் ‘பவேரென்னி’ என்றும் பின்னதற்குத் ‘துஷெப்ரிகாஷிக்’ என்றும் எழுதினார். பவேரென்னி என்பது நம்பிக்கை எனப் பொருள்படும் வேரா என்ற சொல்லடியாகப் பிறந்தது. நம்பிப் பொறுப்பளிக்கப்பட்டவர் என்பது கருத்து. துஷெப்ரிகாஷிக்கின் பகுதிகளைப் பிரித்தால் ஆன்மாவின் கட்டளையைப் பெற்றவர் என்று வரும். அது பழங்காலச் சொல்லாயினும் வழக்கொழிந்ததன்று; இன்றைய ருஷ்யக் குடியியற் சட்டக்கோவையின் 1134 ஆம் உறுப்புரையில் அது நிலைபெற்றுள்ளது. இலத்தீன் சொல் இரண்டிற்கும் இலத்தீன் அல்லாத சொல் இரண்டு வந்தமர்ந்தபோதுதான் அந்தப் பத்திரம் தான் சொல்லவந்ததைச் சொல்லிற்று. நத்தாரியுஸ் மட்டும் அவ்வாறே நின்றது. ஒல்லாந்தர் எமக்கு விட்டுச்சென்ற நொத்தாரிசும் அதுவும் ஒரே சொல் மட்டுமன்றி, பெரும்பாலும் ஒரே தொழிலும் ஆகும். ஆகவே இலத்தீனை நம்பவே கூடாது என்பதன்று என் வாதம். எங்கே நம்பலாம், எங்கே நம்பலாகாது என்பதை இலத்தீன் தானே எமக்குச் சொல்லாது என்பதே.

“பிள்ளை, உந்தச் சொல்லை ஆர் வாசிக்கப் போகினம் எண்டதை முதல் யோசி” என்று அவர் அடிக்கடி கூறுவார். அகராதியைத் திறக்குமுன் கேட்கவேண்டிய வினா அதுவே என்பதை அன்று உணர்ந்தேன்.

பதவிப் பெயர்களின் மயக்கம் எளிதில் வெளிப்பட்டுவிடும், வாசிப்பவர் திடுக்கிடுவார். திடுக்கிட வைக்காத மயக்கங்களே கொடியவை. ‘கோர்ப்பஸ் டெலிக்ரி’ என்ற இலத்தீன் தொடரை எடுத்துக்கொள்வோம். குற்றத்தின் உடல் என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலச் சட்டத்தில் அது, குற்றம் ஒன்று உண்மையாகவே நிகழ்ந்திருக்கின்றது என்னும் அடிப்படைச் சங்கதியைக் குறிக்கும். பொருள் களவு போகவேயில்லை என்றால், களவு செய்தேன் என்று ஒருவர் வாய்விட்டுக் கூறினாலும் அங்கே குற்றத்தின் உடல் இல்லை. ருஷ்ய அகராதிகள் இத்தொடருக்கு நேராக ‘ஸஸ்தாவ் பிரெஸ்துப்லேனியா’ என்பதைத் தருகின்றன. அதுவோ ஜேர்மன் சட்டவியலின் செல்வாக்கினால் வேறொரு பொருளை ஏற்றுக்கொண்ட தொடர். ஒரு செயல் குற்றமாவதற்குச் சட்டம் வேண்டுகின்ற கூறுகள் அனைத்தினதும் தொகுதி என்பது அப்பொருள். செய்தவரின் வயது, அவரது மனநிலை ஆகியனவும் அத்தொகுதியுள் அடங்கும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2002 முதல் நடைமுறையிலுள்ள ருஷ்யக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 24 ஆம் உறுப்புரை, வழக்கைக் கைவிடுவதற்கான காரணங்களுள் இரண்டை அடுத்தடுத்துக் கூறுகின்றது. குற்ற நிகழ்வே இல்லை என்பது ஒன்று. செயல் நடந்தது, ஆனால் அதிலே குற்றத்தின் ஸஸ்தாவ் இல்லை என்பது மற்றது. முன்னதை உணர்த்தும் ருஷ்யச் சொல் ‘ஸபீத்தியே’, நிகழ்வு என்பதாகும். ஆங்கிலத் தீர்ப்பொன்று கோர்ப்பஸ் டெலிக்ரி நிறுவப்படவில்லை என்று சொல்லும்போது அது கருதுவது பெரும்பாலும் ஸபீத்தியேயையே. அகராதியை நம்பி ஸஸ்தாவ் என்று எழுதினால், எதுவுமே நடக்கவில்லை என்ற தீர்ப்பு, ஏதோ நடந்தது ஆனால் சட்டப்படி குற்றமாகாது என்ற தீர்ப்பாகிவிடும். விடுதலையானவர் இரண்டிலும் விடுதலையானவரே. ஆயினும் ஊரார் வாயில் அவர் பெயர் எவ்வாறு வழங்கும் என்பது அந்த ஒரு சொல்லிலே தங்கியிருக்கின்றது.

இதனிலும் நுண்ணியது குற்ற மனத்தைப் பற்றிய சிக்கல். ஆங்கிலச் சட்டத்தார் இதனை ‘மென்ஸ் றேயா’ என்பர். ருஷ்யச் சட்டத்திற் குற்றப்பொறுப்பின் மனக்கூறுக்கு வழங்கும் சொல் ‘வினா’. அதனை முதன்முதலிற் கேட்கும் தமிழ் மாணவர் எவரும் புன்னகை செய்யாதிருத்தல் அரிது. ஒலி ஒற்றுமை தற்செயலானதே. ஆனால் அச்சொல் எழுப்பும் வினா உண்மையானது. 1997 முதல் நடைமுறையிலுள்ள ருஷ்யக் குற்றவியற் சட்டக்கோவை, 24 முதல் 26 வரையான உறுப்புரைகளில், குற்ற மனத்தைக் கருதிச் செய்தல், கவனமின்றிச் செய்தல் என இரண்டாக வகுக்கின்றது. உரோமச் சட்டத்தார் டோலுஸ், குல்ப்பா என்று வகுத்த பழைய பாகுபாட்டின் வழித்தோன்றல் இது. கருதிச் செய்தல் நேரானது, மறைமுகமானது என இரு வகைப்படும். தீங்கு நேரலாம் என்று அறிந்தும், அதனை விரும்பாவிடினும், நேர்ந்தால் நேரட்டும் என்று விடுவது மறைமுகமான கருத்து. கவனமின்மையும் இரு வகையானது. தீங்கு நேரலாம் என்று அறிந்தும், போதிய காரணமின்றி அதனைத் தடுத்துவிடலாம் என்று மிதப்பாக நம்புதல் முதல் வகை. இதற்குரிய ருஷ்யச் சொல்லைப் பிரித்தால் ‘இலேசான எண்ணம்’ என்று பொருள்படும். அறிந்திருக்கவேண்டியதை அறியாதிருத்தல் இரண்டாம் வகை.

ஆங்கிலச் சட்டத்திலோ ‘றெக்லெஸ்நெஸ்’ என்றொரு கருத்து உண்டு. ஆபத்தை அறிந்தும், நியாயமின்றி அதற்குத் துணிதல் என்று அதனை விளக்கலாம். நேர்ந்தால் நேரட்டும் என்றவரும் அதற்குள் அடங்குவார். நேராது என்று மிதப்பாக நம்பியவரும் அடங்குவார். ருஷ்யச் சட்டம் அவ்விருவருக்கும் நடுவே சுவர் எழுப்புகின்றது. முன்னவர் கருதிச் செய்தவர், பின்னவர் கவனமற்றவர். கவனமின்மையாற் செய்த செயல், கோவை அதனை வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தாலன்றி, ருஷ்யாவிலே குற்றமாகவே ஆகாது. ஆகவே ஆங்கிலத்தின் ஒரு சொல் ருஷ்ய மொழிக்குள் நுழையும்போது சுவரின் எந்தப் பக்கத்தில் இறங்குவது என்று மொழிபெயர்ப்பாளரே தீர்மானிக்கவேண்டியுள்ளது. அத்தீர்மானம் நீதிபதிக்கு உரியது, மொழிபெயர்ப்பாளருக்கு உரியதன்று. ஒற்றைச் சொல்லால் ஈடுசெய்யாது, ஆங்கிலச் சட்டம் கூறும் நிலையை விரித்தெழுதி, இது எமது நாட்டின் எந்த வகையுடனும் முற்றாகப் பொருந்தாது என்று குறிப்பிடுவதே இங்கு நேர்மையான வழி என ருஷ்யப் பேராசிரியர் கருதினால் அவரைக் குறைகூற முடியாது. சுருக்கமான மொழிபெயர்ப்பு அழகானதாக இருக்கலாம். அது இன்னொருவரின் தலைவிதியை எழுதும் அதிகாரத்தையும் தனக்கு எடுத்துக்கொள்கின்றது.

இவ்வாறு கூறுவதனால் ருஷ்ய மொழியை ஏழையென எவரும் கருதிவிடலாகாது. இலத்தீனின் செல்வத்தை ஆங்கிலத்தைக் காட்டிலும் நன்றாகக் காத்துவைத்துள்ள இடங்கள் அதில் உண்டு. உரோமர் யூஸ் என்றும் லெக்ஸ் என்றும் இரண்டு சொற்களை வழங்கினர். நியாயமும் உரிமையும் சட்ட ஒழுங்கும் ஒருங்கே அடங்கியது யூஸ்; அதிகாரமுடையோர் ஆக்கி வெளியிட்ட சட்டம் லெக்ஸ். ஆங்கிலம் இரண்டையும் ‘லோ’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டது. தமிழிலும் நாம் சட்டம் என்ற ஒன்றையே இரண்டிற்கும் ஆள்கின்றோம். ருஷ்ய மொழியோ முன்னதைப் பிராவா என்றும் பின்னதை ஸக்கோன் என்றும் பிரித்துவைத்திருக்கின்றது.

ஆகவே சட்டவாட்சி என்று நாம் கூறும் தொடரை ஆங்கிலத்திலிருந்து ருஷ்ய மொழிக்குக் கொண்டுசெல்பவர் ஒரு முச்சந்தியில் நிற்கின்றார். ஸக்கோனின் மேலாண்மை என்று எழுதினால், ஆக்கப்பட்ட சட்டம் எதுவாயினும் அதற்குப் பணிதல் என்ற பொருள் தலைதூக்கும். பிராவாவின் மேலாண்மை என்றால், அச்சட்டத்தை ஆக்கியவரையும் கட்டுப்படுத்தும் நீதி என்று பொருள்படும். 1993 ஆம் ஆண்டின் ருஷ்ய அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரையோ, ஜேர்மன் மரபைத் தழுவி, பிராவாவின் வழிப்பட்ட அரசு என்ற மூன்றாவது தொடரை ஆள்கின்றது. 2007 இல் ஐரோப்பியப் பேரவையின் பாராளுமன்ற மன்றம் இம்மயக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு தீர்மானமே நிறைவேற்றி, ஸக்கோன் என்ற சொல்லால் வரும் குறுகிய விளக்கத்தை எச்சரித்தது. சொல்லொன்றின் தெரிவு அரசாங்கங்கள் கூடிப் பேசும் பொருளாகவும் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

சொல் மட்டும் சென்று பொருள் செல்ல மறுத்த கதையும் ஒன்றுண்டு. ஆங்கிலச் சட்டத்தின் தனிச்சிறப்பு எனப்படுவது ‘றஸ்ற்’ என்னும் நம்பிக்கைப் பொறுப்பு. சொத்து ஒருவர் பெயரில் இருக்கும். பயன் இன்னொருவருக்குச் சேரும். சட்டம் இருவரையும் ஒருவகையில் உடைமையாளராகக் கொள்ளும். எமது நாட்டிலே 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்துகின்றது. 1993 டிசம்பரிலே ருஷ்ய சனாதிபதியின் ஆணையொன்று இக்கருத்தைப் பெயரோடும் பொருளோடும் அந்நாட்டில் நாட்ட முயன்றது. நம்பிக்கைவழி உடைமை என்று ருஷ்ய மொழியில் எழுதி, றஸ்ற் என்ற சொல்லையும் அருகே சேர்த்தது. உடைமை ஒன்றே, அதனைப் பிளக்க முடியாது என்னும் உரோமச் சட்ட மரபில் ஊறிய அறிஞர்கள் அதனை ஏற்கவில்லை. 1996 இல் நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டக்கோவையின் இரண்டாம் பாகம் நம்பிக்கைவழி முகாமை என்ற ஒன்றையே வைத்தது. சொத்தை முகாமையாளரிடம் ஒப்படைத்தாலும் உடைமை அவருக்கு மாறாது என்று 1012 ஆம் உறுப்புரை ஐயத்துக்கிடமின்றிக் கூறிவிட்டது. ருஷ்யச் சொல்லிலும் எமது தமிழ்ச் சொல்லிலும் நம்பிக்கை என்பது பொதுவாக நிற்கின்றது. அந்த ஒற்றுமையை மட்டும் பார்த்து இரண்டும் ஒன்றெனக் கொண்டால், ஒரு நாட்டின் உடைமையாளர் மறுநாட்டிலே வெறும் முகாமையாளராகிவிடுவார்.

இறுதியாக, இச்சொற்களுள் எல்லாம் எம்மவர் நெஞ்சிற்கு மிக நெருங்கிய ஒன்றைக் கூறவேண்டும். ‘ஹேபியஸ் கோர்ப்பஸ்’ என்பதற்கு, உடலை நீ கொண்டிருப்பாயாக என்பது நேர்ப்பொருள். சிறைவைத்தவரை நோக்கி, நீ பிடித்துவைத்திருக்கும் ஆளை நீதிமன்றின் முன் கொண்டுவந்து நிறுத்து என்று நீதிபதி இடும் ஆணை அது. இங்கிலாந்தில் 1679 ஆம் ஆண்டின் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது. ருஷ்ய மொழியில் இதற்குத் தனிச்சொல் வகுக்கப்படவில்லை. ‘ஹாபெயஸ் கோர்ப்புஸ்’ என்று ஒலியே எழுதப்படுகின்றது. அந்நாட்டில் அதே வடிவிலான எழுத்தாணை இல்லை. நீதிமன்றத் தீர்மானமின்றி ஒருவரை 48 மணித்தியாலத்துக்கு மேல் தடுத்துவைக்க முடியாது என்னும் விதியை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கொண்டுள்ளது. ஆதலின் ஒலிபெயர்ப்பு அறிஞரிடையே போதுமானதாக இருக்கலாம். சாதாரண ருஷ்ய வாசகருக்கோ கோர்ப்புஸ் என்பது பெரும்பாலும் கட்டடத்தொகுதியின் ஒரு பகுதி, அல்லது ஒரு படைப்பிரிவு. அங்கே ஆள் இல்லை.

தமிழிலே இதனை ஆட்கொணர்வு எழுத்தாணை என்கின்றோம். இலத்தீன் தொடரின் ஒலியில் ஓரெழுத்தும் இதில் இல்லை; ஆனால் அதன் உயிர் முழுவதும் இருக்கின்றது. ஆள் உண்டு, கொண்டுவா என்னும் ஏவலும் உண்டு. எமது அரசியலமைப்பின் 141 ஆம் உறுப்புரையை வாசித்திராத தாய்மார் எத்தனையோ பேர் இச்சொல்லை அறிவர். காணாமற்போன பிள்ளையின் புகைப்படத்தை ஏந்தி நீதிமன்ற வாசலிலே நின்று அறிந்தவர்கள் அவர்கள். தாம் கேட்பது இன்னதென்பது அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தே அவர்களுக்கு விளங்கியது. என் பிள்ளை எங்கே, கொண்டுவந்து காட்டு என்பதே அவர்களின் கேள்வி. எழுத்தாணையின் பெயரும் அதுவே. இச்சொல்லைத் தமிழில் ஆக்கியவர் எவரென நான் அறியேன். அவர் ஒலியைப் பின்பற்றியிருப்பாராயின், அந்தத் தாய் தன் வேண்டுகோளின் பெயரைத் தானே விளங்கிக்கொள்ள முடியாதவளாய் நின்றிருப்பாள்.

இங்கேதான் தமிழ் மாணவருக்குரிய ஒரு நன்மை புலனாகின்றது. ஆங்கிலத்திலிருந்து ருஷ்ய மொழிக்குச் செல்லும் ஐரோப்பியருக்கு இலத்தீன் இரு கரைகளையும் இணைக்கும் பாலம்போலத் தோன்றும். கீழே பார்க்காமலே கடந்துவிடும் ஆசை எழும். தமிழிலே வேரூன்றிய எமக்கு அப்பாலம் இயல்பாக அமையவில்லை. பிறக்கிராசியும் நொத்தாரிசும் போன்ற சில விருந்தினரைத் தவிர எமது மொழியில் இலத்தீன் இல்லை. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் உடைத்து, உள்ளே இருப்பது என்னவென்று பார்த்த பின்னரே அதனை எம்மால் விளங்கிக்கொள்ள முடிகின்றது. ஆங்கிலச் சொல்லுக்கும் ருஷ்யச் சொல்லுக்கும் இடையில், இதனைத் தமிழில் என் பாட்டிக்கு எவ்வாறு சொல்வேன் என்று ஒருமுறை கேட்டுப்பார்த்தால், ஒலியின் மயக்கம் பெரும்பாலும் தெளிந்துவிடுகின்றது. தாமதமான வழிதான். ஆனால் பத்திரத்தின் அடியிலே பெயரும் கையொப்பமும் இட்டுச் சத்தியம் செய்பவருக்குத் தாமதம் ஒரு குறையன்று.

எமது பல்கலைக்கழகங்களில் மொழி கற்போர் சட்டக்கோவைகளைத் தொடுவதில்லை. சட்டம் கற்போர் மூன்றாவது மொழியொன்றை நாடுவதில்லை. இவ்விரு சாராரும் ஒரு மேசையில் இருந்து, ஆண்டுக்குப் பத்துச் சொற்களையேனும் எடுத்து, அவை எந்தச் சட்டத்தில் என்ன தொழில் செய்கின்றன என்று ஆராய்ந்து எழுதிவைத்தால், அது பெரும் பணியாகும். தமிழ்ச் சங்கம் இதற்கு முன்வருமாயின் முதற் சொல்லாகப் பிறக்கிராசியை நான் முன்மொழிவேன். 1974 இல் அப்பதவி சட்டத்தரணி என்ற பொதுப்பெயரோடு கலந்துவிட்டது. ஆனால் அவர்கள் முடித்த உறுதிகள் இன்றும் எங்கள் பெட்டகங்களில் இருக்கின்றன. அவற்றுக்கு உரித்தாளிகள் பல நாடுகளிலே பல மொழிகளைப் பேசி வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவர் தம் பாட்டனாரின் எழுத்தைத் தம் மொழியிலே சரியாக வாசிக்க வேண்டும் என்பது மிகையான ஆசையாகாது.